நீலமான இரண்டாவது பாட்டில்

கோலாலம்பூர்,
4.5.1981

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஜெயபாலன் எழுதுவது.

நலம். மேல்படிப்புக்கு இரண்டு விண்ணப்பப் பாரங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று பொறியியல்: ஒன்றரை வருடம் வகுப்பு, பரீட்சை, முடித்தால் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை. இன்னொன்று அறிவியல்: இரண்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் கிடந்து ஒரே விஷயத்தைத் தோண்ட வேண்டும். தோட்டத்தில் புல்லைக் கொல்லும் மருந்து அடிப்பவர்கள் உடம்பில் அந்த மருந்து இறங்குகிறதா என்று பார்க்கலாமே என்கிறார் பேராசிரியர். மருந்து அடித்து உதிர்ந்துபோன உன் நகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. முப்பதாம் தேதிக்குள் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

அதற்குள் ஒரு சோதனை. உங்கள் தோட்டத்துச் சீனியின் லோரியில் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். ஒன்றில் உன் சிறுநீர், இன்னொன்றில் மருந்து அடிக்காத ஒருவருடையது, ஒப்பிட்டுப் பார்க்க. மருந்து இருந்தால் நீலமாக மாறும். சிரிக்காதே.

உன் தம்பி,
ஜெயபாலன்


பீடோர்,
11.5.1981

ஆசைத் தம்பிக்கு, அக்கா காளியம்மா எழுதிக்கொண்டது.

இத்தனை வருடம் பட்டணத்தில் படித்தது என் மூத்திரத்தைக் கேட்கத்தானா? உன் மச்சான் சிரித்து ஓய்ந்தபாடில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணி காதில் விழுந்தால் எங்கள் இருவர் வேலையும் போகும், கூடவே தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீடும் போகும். ஆழம் தெரியாமல் காலை விடாதே, பொறியியலையே எடு. ஆனாலும் பாட்டில்களைச் சீனியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதமாக மூக்கில் ரத்தம் வருகிறது, உன்னிடம் சொல்லவில்லை. இன்னொரு பாட்டில் உன் மருமகள் செல்லாயியுடையது. நாலு வயதுப் பிள்ளை, மருந்து அடிக்கும் பக்கமே போகாதவள்.

பயமாக இருக்கிறது, தம்பி.

காளியம்மா


கோலாலம்பூர்,
18.5.1981

அக்கா,

இரண்டும் நீலமாகிவிட்டன. உன்னுடையது கறுநீலம். செல்லாயியுடையதும் நீலம்தான். பேராசிரியர் பாட்டில் அழுக்காக இருந்திருக்கும் என்கிறார். அழுக்குப் பாட்டில் என்று எழுது அக்கா, தயவு செய்து அப்படியே எழுது. இல்லையென்றால் குழந்தை வாய்க்குள் என்ன போகிறது என்று பார்.

ஜெயபாலன்


பீடோர்,
25.5.1981

தம்பிக்கு,

பாட்டில் சுத்தம். வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் அனுப்பினேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அடுப்படியில் குடிதண்ணீர் டின் நின்றது. மருந்து வந்த வெள்ளை டின். மருந்து அடிக்கிற பெண்களுக்கு மட்டும் ஸ்டோரில் காலி டின் கொடுப்பார்கள், லயமே பொறாமைப்படும். எங்களை வேலை வாங்கும் மண்டோர், "நல்லாக் கழுவிட்டு வச்சிக்க, ஒன்னும் ஆவாதுலா" என்றார். சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவினேன். அதிலிருந்துதான் இரண்டு வருடமாக என் கையாலேயே பிள்ளைக்கு மொண்டு கொடுத்தேன்.

அன்றைக்கே ஓட்டை போட்டுப் புதைத்தேன். பீடோரில் புதுப் பானை வாங்கினேன். லயத்தில் ஒன்பது வீட்டில் இந்த டின் இருக்கிறது. கிராணிக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டேன். சிலர் கொட்டினார்கள், சிலர் திட்டினார்கள்.

மறுபடியும் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். செல்லாயியுடையது நிறம் மாறியதா, அதை மட்டும் எழுது.

காளியம்மா


கோலாலம்பூர்,
29.5.1981

அன்புள்ள அக்காவுக்கு,

செல்லாயியுடையது நிறம் மாறவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் மாறவில்லை. பேராசிரியர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அறிவியல் பாரத்தைக் கொடுத்துவிட்டேன். ஜெலாப்பாங் வேலை போனால் போகட்டும். ஆய்வில் உன் பெயரோ தோட்டத்தின் பெயரோ வராது.

நீ இரண்டு பாட்டில் அனுப்பினாய், ஒன்றைப் பற்றித்தான் கேட்டாய். மற்றதை எழுதப் பயந்து மூன்று தாளைக் கிழித்தேன். இதை நாளை சீனி உன் கையில் தருவான், ஞாயிறு காலை நான் வாரேன். செல்லாயியையும் கூட்டிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். அதுவரை மருந்துப் பம்பைத் தோளில் மாட்டாதே, அக்கா.

உன் தம்பி,
ஜெயபாலன்