பின்னி முடியாத காலுறை

ஹாம்ப்ஸ்டெட், லண்டன்
4 மார்ச் 1934

அன்புள்ள மார்த்தா அக்காவுக்கு,

நான் பேசும்போதெல்லாம் மிஸ் ஹார்க்கமின் பென்சில் தாளில் நகர்கிறது. வேலைக்கு வந்த இந்த வீட்டில் முதலில் கவனித்தது அதைத்தான்.

ஆறு நாவல் எழுதியவர். அவருடைய போன நாடகம் முதல் நாளே பார்வையாளர்களின் கேலிக் கூச்சலில் விழுந்துவிட்டதாம். பார்வையும் மங்கிவருகிறது. அடுப்பை மூட்டியதும், எழுதியதை நான் வாசித்துக்காட்ட வேண்டும். "இப்படி யாராவது பேசுவாங்களா, ஃபீபி? உங்க வீட்ல எப்படிச் சொல்லுவாங்க?" என்பார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவளிடம் இதுவரை யார் கேட்டார்கள்? கூச்சம் மறந்து நிறையச் சொல்லிவிடுகிறேன்.

புது நாடகம் செப்டம்பரில் உங்கள் ஊருக்கும் வரும். டிக்கெட் அனுப்புகிறேன். அத்தானையும் கூட்டிக்கொண்டு போ.

உன் தங்கை,
ஃபீபி

ஹாலிஃபாக்ஸ்
20 செப்டம்பர் 1934

ஃபீபி,

நாடகம் பார்த்தோம். இரண்டாம் அங்கத்தில், கல்யாணமாகாத ஒருத்தி பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறாள். "இன்னொரு காலுறை பின்னி முடியல. முடியற வரைக்கும் பிள்ளை என்கிட்டயே இருக்கட்டுமா?" என்கிறாள்.

நான் சொன்னது அது. அன்று கதவருகே நீ நின்றாய், பத்து வயது.

கொட்டகையே சிரித்தது. உன் அத்தானும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இருவரும் வீட்டுக்கு நடந்தோம். வந்ததும், "உன் தையல் பெட்டியில ஒரு பாதிக் காலுறை கிடக்குதே, அது யாரோடது?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

நாடகம் சனிக்கிழமை வரை இங்கே நடக்கிறது. நான் வேலை செய்யும் ஆலையில் எல்லோரும் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்.

மார்த்தா

ஹாம்ப்ஸ்டெட்
9 அக்டோபர் 1934

அக்கா,

நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே மிஸ் ஹார்க்கமிடம் கேட்டேன். தணிக்கையில் அனுமதி வாங்கிய வசனம், இனி தொட முடியாது என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த ஒரு வரிதான் நாடகத்தையே தாங்குது, ஃபீபி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆறு வருஷமா அக்கா அதைப் பின்னி முடிக்கவே இல்ல, மிஸ். முடிச்சா, பிள்ளை நிஜமாவே போயிட்டதா ஆயிடும்னு" என்றேன்.

அவர் கை மேசையைத் தடவிக்கொண்டே போனது. எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

பென்சில் என் பக்கம்தான் கிடந்தது. எடுத்து அடுப்பில் போட்டேன்.

ஃபீபி