நூறு சென்டில் மூன்றில் ஒன்று

அப்பா, இன்று காலை வயலுக்குப் போனால் மோட்டார் ரூம் கதவில் புதுப் பூட்டு. அதன் எண்ணெய் வாசனைகூட இன்னும் போகவில்லை. பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகவேண்டிய என் வெண்டை, சித்திரை வெயிலில் வாடுகிறது; தண்ணீர் பாய்ச்சி மூன்று நாளாகிறது. தம்பியிடம் போய்க் கேட்டேன். "கிணறு என் பாகத்துலல்லா இருக்கு, பத்திரத்தைப் பாருக்கா. வேணும்னா நீ தனியா போர் போட்டுக்கோ" என்றான். செல்போனிலிருந்து முகத்தை நிமிர்த்தவே இல்லை.

அவன் மேல் வந்த கோபம் வீடு வந்து சேர்வதற்குள் உங்கள் மேல் திரும்பிவிட்டது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாதாம். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

ஆடி மாதம் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது மங்குஸ்தான் வாங்குவீர்கள். பத்துப் பழம். அக்கா, நான், தம்பி, ஆளுக்கு மூன்று. மிஞ்சிய ஒன்றை அங்கேயே உடைத்து, ஆறு சுளை இருந்தால் ஆளுக்கு இரண்டு. ஐந்து இருந்தால் ஐந்தையும் நீங்களே வாயில் போட்டுக்கொள்வீர்கள். "யாருக்கும் கூடக் குறைய வரக்கூடாதுல்லா" என்பீர்கள். அந்த மனிதர் எங்கே போனார்?

நம் வயல் ஒரு ஏக்கர், நூறு சென்ட். தென்காசியில் பத்திர எழுத்தர் முன்னால் உட்கார்ந்து, மூவருக்கும் சமமாக என்றுதான் சொன்னீர்கள். "ஏட்டி, நூறை மூணாப் பங்கு வச்சா எவ்வளவு வரும்?" என்று என்னைத்தான் கேட்டீர்கள்.

"முப்பத்து மூணு புள்ளி மூணு மூணு. போய்க்கிட்டே இருக்கும்ப்பா."

"புள்ளிக்கெல்லாம் எவன் கல்லு நடுவான்? முழுசா எழுதும் அண்ணாச்சி. பொம்பளப் பிள்ளைகளுக்கு முப்பத்து மூணு, முப்பத்து மூணு. மிச்சம் பயலுக்கு இருக்கட்டும்."

அக்காவிடமிருந்து மூன்றில் ஒரு சென்ட், என்னிடமிருந்து மூன்றில் ஒரு சென்ட். போகட்டும், அதற்கு நான் அழவில்லை. ஆனால் அந்த மிச்சத்தைக் கிணற்று மூலையோடு சேர்த்தல்லவா அவனுக்கு அளந்தார்கள்! கிணறு பொது என்று ஒரு வரி போடவா என்று எழுத்தர் கேட்கவும் செய்தார். "கூடப் பொறந்தவளுக்குத் தண்ணி தரமாட்டேன்னா சொல்லிருவான் என் மவன்?" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் மேல் இருந்த நம்பிக்கையில், எனக்கென்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை உங்களுக்கு. நானும் பக்கத்தில் ஊமை மாதிரி நின்றேன். அப்பா பேசும்போது எதிர்த்துப் பேசாதே என்று நீங்கள் வளர்த்த லட்சணம்.

இன்று மத்தியானம் வக்கீலைப் பார்த்தேன். "உங்க பங்கு முப்பத்து மூணு சென்டுதானம்மா?" என்றார்.

"இல்ல சார். மூணுல ஒண்ணு. நிலத்துலயும் கிணத்துலயும் மூணுல ஒண்ணு. அப்படியே எழுதுங்க."

அன்று உங்கள் முன்னால் வராத குரல் இன்று வந்துவிட்டது, அப்பா. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், இந்த வழக்கில் முதல் பிரதிவாதி தம்பி இல்லை, நீங்கள்தான்.