எலியின் ஈரலும் உங்கள் ஈரலும்

ஏங்க,

எழுப்ப மனம் வரவில்லை, லேபுக்குக் கிளம்பிவிட்டேன். கஞ்சி அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

நேற்றுச் சாப்பிடும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உங்களுக்கு ஏற்றும் அதே புற்றுநோய் மருந்து எலிகளின் ஈரலையும் சிறுநீரகத்தையும் எப்படிச் சிதைத்திருந்தது என்று, மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டேன். “அப்ப நாளைக்கு மருந்து ஏத்திக்க நான் வரல” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டீர்கள்.

அந்த எலிகளுக்கு வேண்டுமென்றே அளவுக்கு மீறிக் கொடுப்போம். உங்களுக்கு அளந்து, சலைன் ஏற்றி, ஒவ்வொரு முறையும் ரத்தம் பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள்.

காலையில் டாக்டரம்மா போன் செய்தார். “ரத்த ரிசல்ட் பாத்துட்டேன். உங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி, லிவர் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. தைரியமா வரச் சொல்லுங்க” என்றார். கல்லு மாதிரி என்றுதான் சொன்னார்; கிட்னியில் கல் என்று படித்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

பத்து மணிக்கு என் தம்பி கார் கொண்டுவருவான். அதற்குள் பெரிய பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துவிடுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், வீட்டுச் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். லேபிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன்; மருந்து ஏறி முடியும்வரை பக்கத்தில் இருப்பேன்.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நாள் முழுக்க அந்த ஸ்லைடுகளைப் பார்த்துப் பயந்தது நான்தான். தனியாகப் பயப்படத் தெரியாமல் உங்களிடம் கொட்டிவிட்டேன். வந்துடுங்க.