கரண்ட் போன நேரத்தில் ஓட்டிய போட்டி

அக்கா,

மடிக்கணினி சூடானால் கிளம்புமே, அந்தக் கருகிய தூசி வாசனை, இன்று காலை மறுபடி வந்தது. நீங்கள் எழுதிய லைப்ரரியை, அந்த நிரல் தொகுப்பை, ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை வந்தாலே மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, "கொஞ்சம் ஆறட்டும்டி, சூட்டோட ஓட்டுனா நேரம் தப்பாக் காட்டும்" என்பீர்கள்.

கட்டுமாவடி மீன் ஏலக்காரர்கள் அனுப்பும் தரவுக் கோப்புகள் நம் குளத்தூர் ஆபீசுக்கு ஆளுக்கொரு மாதிரியாக, அரைகுறையாக வரும். அவற்றைப் பிரித்துப் படிப்பதற்கென்றே நீங்களாக ஒரு லைப்ரரி எழுதினீர்கள். மேனேஜருக்கோ ஊரெல்லாம் பயன்படுத்தும் லைப்ரரி மேல்தான் ஆசை. இரண்டையும் ஓட்டி, வேகமானதை வைத்துக்கொள்வோம் என்றார்.

அவர் சொன்னது முதலில் ஓடியது. உங்களுடையதைத் தொடங்கியதும் கரண்ட் போனது. பேட்டரிக்கு மாறினால் அந்த மெஷின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. உங்களுடையது பின்தங்கியது.

"சார், கரண்ட் வந்ததும் இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துருவோமே" என்றீர்கள்.

"ரிசல்ட்டுதான் வந்துருச்சேம்மா. இன்னமும் என்னத்தப் பாக்குறது?"

அந்த வாரமே உங்களை வாடிக்கையாளர் போன்களுக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தார். நான் கொதித்தேன். "விடுடி, ஒருநா அவுகளே ஓட்டிப் பாப்பாக" என்றீர்கள். யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் காமாலை முற்றி நீங்களும் போய்விட்டீர்கள். ஆவூர் கல்லறையில் மேனேஜர் வைத்த மாலைதான் இருந்ததிலேயே பெரியது.

இப்போது கோப்புகள் பெருத்து, அவர் தேர்ந்தெடுத்த லைப்ரரி திணறுகிறது. அதனால் இன்று கரண்ட் இருக்கும்போதே, மெஷினை ஆறவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் உங்களுடையதுதான் முந்தியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதப் பாத்துக்க ஆள் இல்லையேம்மா" என்றார்.

ஆள் இருந்தபோது போன் எடுக்க வைத்தவர் சொல்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யோசிப்போம் என்று எழுந்து போய்விட்டார்.

உங்களுக்குக் கோபமே வராது என்று ஆபீசில் இன்னமும் மெச்சிக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்டது நியாயமாக ஒரே ஒரு ஓட்டம். அதைக் கொடுக்காதவர்களுக்கு உங்கள் பொறுமை ரொம்ப வசதியாக இருந்தது. நீங்கள் படாமல் விட்ட கோபத்தையும் சேர்த்து நான்தான் படுகிறேன், அக்கா.