கல்லும் இல்லாத, இலையும் இல்லாத பச்சை

மச்சான்,

நீ போய் எட்டாம் நாள். இன்று உன் எட்டுச்செலவு. உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். விடியற்காலையில் உன் வீட்டுக் கிணற்றடியில் வைத்து, நேற்றுக் கொடிகாமச் சந்தையில் நானே வாங்கிய பாவற்காயைக் கழுவினேன். வாளித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. காய்ச்சாற்றின் பச்சை அல்ல. கிருமி பார்க்க நாம் கண்ணாடித் தகட்டில் ஊற்றுவோமே, அந்தச் சாயத்தின் நீலம் கலந்த பச்சை.

யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்தில் எத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம்! அந்தச் சாயத்தின், "மலக்கைற் கிறீன்" என்று பெயர் ஒட்டிய போத்தலைத் தூக்கினாலே உனக்கு எரிச்சல் வரும். அந்தப் பெயரின் கதையைத் தேடிப் படித்துச் சொன்னவனே நீதான். துத்தி இனத்துச் செடி ஒன்றின் இலைப் பச்சையைப் பார்த்து, கிரேக்கர் செம்புள்ள ஒரு கல்லுக்கு அந்தச் செடியின் பெயரை வைத்தார்கள். பிறகு மனிதன் செய்த சாயம் ஒன்று அந்தக் கல்லின் நிறத்தில் வரவே, கல்லின் பெயர் சாயத்துக்கும் வந்தது.

"உதுக்குள்ளை கல்லும் இல்லை, இலையும் இல்லை. நிறம் ஒத்துப்போச்செண்டு பேரைக் களவெடுத்துப்போட்டாங்கள்" என்பாய்.

"பேர்தானே, விடு மச்சான்" என்று நான் சிரிப்பேன்.

காயில் இருந்தது அதே சாயம்தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பஞ்சால் துடைத்தேன், பஞ்சும் பச்சை. காயைப் புதிதாகக் காட்ட யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள். சீ! இதையா உன் படத்துக்கு முன்னால் வைக்க இருந்தோம்?

சட்டியோடு வந்த உன் மனைவி அழுதேவிட்டாள். "என்ன அண்ணை, அவருக்குப் பாவற்காய் இல்லாமலோ படைக்கிறது?"

"பொறு தங்கச்சி, வாறன்" என்று காய் முழுவதையும் பையில் அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். வியாபாரியின் முன்னால் கொட்டி, வாயில் வந்தபடி ஏசினேன்.

அவன் அசையவில்லை. "நான் பூசேல்லை ஐயா, லொறியிலை உப்பிடித்தான் வருது. உங்கை பாருங்கோ, எங்கடை ஊர்க் காய். நேற்றும் கிடந்தது. வெளிறிக் கிடக்கெண்டு நீங்கள்தானே தள்ளிப்போட்டு மற்றதை எடுத்தனீங்கள்?"

அந்தக் காயை வாங்கி வந்தேன். சின்னக் காய்கள், சிலதில் புழுக்குத்து. தங்கச்சி பொரித்துப் படைத்தாள், எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அவள் இன்னும் அந்த வியாபாரியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் தள்ளிப்போட்ட கதையை அவளிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன், மச்சான்.