மழலைக்கு மறுமொழி

இளவரசர் வேளாதனார் எழுப்பும் ஒலிக்கு வாய்திறந்து எதிர்ப்பேச்சுப் பேசுமாறு அவர் மாடத்தில் உள்ள அனைவருக்கும் ஆணை பிறக்க வேண்டும். அதுவும் இன்று பொழுது சாய்வதற்குள் பிறக்க வேண்டும்.

வேண்டுகோள் முன்னும் வாழ்த்து பின்னுமாக ஓலை எழுதும் வழக்கம் இந்நாட்டில் இல்லை என்று இதை எழுதும் பூதன் சொல்லிப் பார்த்தான். வாழ்த்துப் படித்தே களைத்துப் போனால் மீதியை யார் படிப்பார்கள், நீ எழுது என்று சொல்லிவிட்டாள் சாத்தி. ஆகவே வாழ்த்து இங்கே வருகிறது.

மலைக்கோட்டையும் மாறா நீர்ச்சுனையும் உடைய மாங்குன்ற நாட்டின் பெருமாட்டி, மறைந்த மன்னரின் அரியணையை மகனுக்காகக் காத்து நிற்கும் இளம்பிறை மாதேவியார் திருமுன்பு: ஏரிகள் நிறைக, எல்லைகள் அமைதி பெறுக, கொற்றம் நீடுக. உப்பளத்தில் பிறந்து, தன் குலத்தில் முதலாவதாகக் கல்விக் கழகத்துப் பட்டம் பெற்று, இளவரசருக்குப் பேச்சு வரச் செய்யும் பொறுப்பில் தேவரீரால் அமர்த்தப்பட்ட சாத்தி விடுக்கும் ஓலை.

இளவரசருக்கு மூன்றாம் வயது நடக்கிறது. இதுவரை ஒரு சொல் இல்லை. நாவின் அடித்தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கீறிவிட்டால் பேச்சு வரும் என்று தலைமை மருத்துவர் சொல்ல, நாளைக் காலை கத்தி வைப்பதாக ஏற்பாடு. மேலுதட்டில் ஒட்டிய வெல்லப்பாகை நாக்கை நீட்டி நக்கிக்கொள்கிற பிள்ளைக்கு நாக்கு எப்படி ஒட்டியிருக்கும் என்று சாத்தி கேட்டாள். மருத்துவ நூல் படித்தவளா நீ என்று அவர் திருப்பிக் கேட்டார். நூல் படிக்கவில்லை, பிள்ளையைப் பார்த்தேன் என்றாள். அதை அவர் ஒரு மறுமொழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

காதிலும் குறையில்லை. தேவரீரின் காலடியோசை வாசலில் கேட்கும்போதே அவர் தலையைத் திருப்புகிறார்.

கழகத்தில் சாத்தி கற்ற கல்வி இதுதான்: பிள்ளை பேசுவதற்கு வெகு முன்பே கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு தட்டில் கரண்டியையும் பந்தையும் வைத்து, பந்து எங்கே என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் வாயைப் பாராமல் கண்ணைப் பார்க்க வேண்டும். பேச்சுக் கொடுத்து வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சொல் முடிவதற்குள் கண் பந்தின்மேல் போய்விடும். தெரிந்த சொல்லை அப்படிச் சட்டென்று பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு, அதை அடுத்து வருகிற தெரியாத சொல்லைக் கேட்க அவகாசம் கிடைக்கிறது. ஒரு சொல் இன்னொரு சொல்லை இழுத்து வருவது அவ்விதமே. இளவரசர் முன் அதே தட்டை வைத்துக் கேட்டபோது அவர் பந்தையும் பார்க்கவில்லை, கரண்டியையும் பார்க்கவில்லை. கேட்டவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சொல் பஞ்சமில்லை. திரைக்குப் பின்னால் அமர்ந்து, விளக்குக்கு உள்ள அத்தனை பெயரையும் நிகண்டு ஓதுவார் நாள்தோறும் பாடுகிறார். அவர் பாடும்போது பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது திரைச்சீலையை. அந்தச் சொற்கள் எதன்மேல் போய் ஒட்டும்?

காரணம் தெரியாமல் சாத்தி பல நாள் மூலையில் உட்கார்ந்து கவனித்தாள். அரச வாயிலிருந்து வரும் எந்த ஒலியும் ஆணை, ஆணைக்கு மறுமொழி தலைவணக்கமே தவிரச் சொல்லன்று என்பது நம் சட்டம். இளவரசர் எதையாவது காட்டி ஆ என்பார். உடனே செவிலியர், காவலர், ஓதுவார், எல்லோரும் தரை நோக்கிக் குனிந்துவிடுவார்கள். பிள்ளையின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். அவர் ஒலி எழுப்புகிறார். உலகத்தில் உள்ள முகமெல்லாம் மறைந்துவிடுகிறது. வாய் மூடினால்தான் முகங்கள் திரும்பி வருகின்றன. அறிவுள்ள பிள்ளை என்ன செய்யும்? வாயை மூடிக்கொள்ளும். அவர் அதைத்தான் செய்தார்.

நேற்று முன்பகலில் சுவரில் ஒரு பல்லி ஓடியது. இளவரசர் கை நீட்டி ஆ என்றார். மாடம் முழுவதும் குனிந்தது, சாத்தி குனியவில்லை. ஆமாம், பல்லி, ஓடுது பார் என்றாள். அவர் திகைத்து அவளைப் பார்த்தார். மறுபடி ஆ என்றார். எங்கே போச்சு பல்லி என்று கேட்டாள். விளக்கு மாடத்தைக் காட்டினார், அது அங்கேதான் ஒளிந்திருந்தது. பகல் முழுவதும் இருவரும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாலையில் பல்லி இல்லாத வெறுஞ்சுவர். அவள் பல்லி என்று வாயெடுத்ததும் அவர் கண் சுவருக்குப் போய்விட்டது. சொல் இன்னும் வரவில்லை. பொய் எழுதிப் பயனில்லை. ஆனால் வருவதற்கான வழி திறந்திருக்கிறது.

சாத்தி வேலையில் சேர்ந்த அன்றே பேரமைச்சர் மாறோகனார் அவளை அழைத்து, எதை வேண்டுமானாலும் கேள் பெண்ணே, எதிர்ப்பேச்சை மட்டும் கேட்டுவிடாதே, அதைக் கேட்டவர் இம்மலையில் தங்கியதில்லை என்று சொல்லியிருந்தார். நேற்றைய செய்தி அவர் காதுக்குப் போனதும் கூப்பிட்டு விசாரித்தார். பல்லி எந்தத் திசையில் இருந்தது, அதற்குப் பலன் என்ன என்று கேட்டாரே ஒழியப் பிள்ளை என்ன செய்தது என்று கேட்கவில்லை. இன்று பொழுது சாய்வதற்குள் கோட்டையை விட்டு நீங்குமாறும், தவறினால் சிறை என்றும் உத்தரவு கொடுத்திருக்கிறார்.

இனி எழுதுவது கசப்பானது; பூதன் தயங்குகிறான். தேவரீரும் குனிகிறீர்கள். கணவர் போன பிறகு சட்டத்தை ஓரிழை தளர்த்தினாலும் மைத்துனர்மார் அரியணையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சத்தில் குனிகிறீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அச்சத்தை அவள் இகழவில்லை. ஆயினும் உப்பளத்தில் வெயிலில் வரப்பு மிதித்துக்கொண்டே இடுப்புப் பிள்ளையோடு வாயாடிய தாய்க்குப் பிறந்தவள் அவள். அங்கே சோறு குறைந்த நாள் உண்டு, பேச்சு குறைந்த நாள் இல்லை. அரண்மனைப் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை என்று காணும்போது அவளுக்கு ஆத்திரம் வருகிறது, அதை மறைக்கும் கலையைக் கழகம் அவளுக்குக் கற்றுத்தரவில்லை.

ஆகவே தேவரீர் செய்யத்தக்கது: கத்தியை நிறுத்துக. திரையை அகற்றுக. பிள்ளையை மடியில் எடுத்து, அவர் எதைப் பார்க்கிறாரோ அதன் பெயரைச் சொல்லுக. சொல்லிவிட்டு, அவர் முறைக்காகக் காத்திருக்க. ஆணையிடும் உரிமை சாத்திக்கு இல்லை என்பதை அறிந்தே இவ்வாறு ஆணைபோல் எழுதச் சொன்னாள்.

மாடத்து முத்திரை இவ்வோலைமேல் பதிந்தது. பணியில் அமர்ந்தபோது சாத்திக்குத் தந்த அந்த முத்திரை மோதிரமும் நூலில் கட்டி உடன் வருகிறது. இனி அது அவளுக்கு வேண்டியதில்லை என்றாள். ஓலையை ஒருமுறை படித்துக் காட்டட்டுமா என்று பூதன் கேட்டதற்கு, நேரமில்லை, பிள்ளை தூங்கி விழிக்கும் வேளை என்று சொல்லி எழுந்துவிட்டாள். எழுத்து மண்டபத்துக்கு வெளியே இடப்பக்கம் போனால் கோட்டை வாயில். அவள் வலப்பக்கம் திரும்பி இளவரசர் மாடத்துப் படியேறினாள்.

கண்டவாறு எழுதியது, ஓலைப் பூதன் கை.