முப்பதாம் நோன்பு

பெப்ரவரி 20, வியாழன்

புத்தளத்தில் சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு நேர முகாமைத்துவப் பயிற்சி. போக வர, தேத்தண்ணிக்கு, போட்டோ எடுக்க என்று முழு நாளும் போய்விட்டது. நேரத்தை மிச்சம் பிடிக்கப் படிப்பதற்கு ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

படிப்பித்தவர் ஷானிகா மிஸ். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகக் கதைக்கிறார். நாளைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கச் சொன்னார். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஓம் சொல்லக் கூடாதாம். எந்தப் பெரிய வேலைக்கும் முடிவில் ஒரு நாளை வெறுமையாக விட வேண்டுமாம், வழிகிற வேலையை அது தாங்குமாம். அது எனக்குப் பிடித்துக்கொண்டது. பஸ் மதுரங்குளிக்கு வந்து சேருமுன்பே நோன்பு மாதம் முழுவதையும் மனதுக்குள் பிரித்துவிட்டேன். பெருநாள் தையல்தானே என் வருசத்தின் அரைவாசி.

பெப்ரவரி 28, வெள்ளி

நேரசூசி எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டியாகிவிட்டது. மணிக்கணக்கு எனக்குச் சரிவராது, தொழுகை வக்து வக்தாகப் பிரித்தேன். விடிய ஸுபஹ் தொழுதுவிட்டு வெட்டுவது. பகல் ளுஹர் வரை அபாயாக்கள். பின்னேரம் அஸர் வரை சிறுபிள்ளைச் சட்டைகள். இருபத்தொன்பதாம் நோன்போடு எல்லாம் கொடுத்து முடிகிறது. முப்பது வெறுமை.

கூடத் தைக்கிற அஸ்ரியா எட்டிப் பார்த்துவிட்டு, பிறையை நம்பி நாள் குறிக்கிற ஆள் நீங்கள் ஒருத்திதான் என்றாள். கலண்டரில் முப்பது என்றுதானே போட்டிருக்கிறது என்றேன். கலண்டர் அச்சடித்தவன் வானத்தில் ஏறிப் பார்த்தானா என்று கேட்டாள். வாய்க்காரி.

மார்ச் 5, புதன்

கற்பிட்டியிலிருந்து என் கூடப்பிறந்த ராத்தா போன் எடுத்தாள். குரல் பாதியாகிவிட்டது. கொழும்பில் இனி மருந்து ஏற்றுவதில்லை, வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஒரு நாளைக்கு எங்கட வீட்ட வந்து நோன்பு திறவன் தங்கச்சி. ஒண்டு சொல்லோணும். போன்ல சொல்ற கதையில்ல."

என்ன கதை என்று எனக்குத் தெரியும். றிஷ்னாவின் கதை. மச்சான் கடலுக்குப் போய்த் திரும்பாத வருசத்திலிருந்து தாயும் மகளுமாகத்தான் இருக்கிறார்கள். ராத்தாவுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யார்? எனக்கும் றஸீனுக்கும் பிள்ளையில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் அவள் எங்கள் வீட்டில்தான், சாச்சி சாச்சி என்று என் கட்டிலில் என்னை உதைத்துக்கொண்டு தூங்குவாள். பிள்ளையை அமானிதமாகக் கையில் ஒப்படைப்பது போனில் நடக்கிற காரியமில்லை. கையைப் பிடித்து, பெயர் சொல்லி, அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்ல வேண்டும்.

நானாகவே கேட்டிருக்கலாமா? கேட்டால், நீ மவுத்தாகப் போகிறாய், பிள்ளையைத் தா என்று ஆகிவிடாதா? அவள் வாயால் வரட்டும். அவள் கேட்க வேண்டும், நான் ஓம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் வருகிறேன் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

றஸீனிடம் சொன்னேன். லொறியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிவிட்டுக் களைத்து வந்திருந்தார். "வரட்டும், நம்மட புள்ளதானே" என்றார். யோசிக்கக்கூட இல்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

மார்ச் 15, சனி

உள்ளறையில் அடைந்து கிடந்த துணி மூட்டைகளை முன்பக்கத்துக்கு மாற்றினேன். ஜன்னல் பக்கமாக ஒரு கட்டில் போடலாம். படிக்க மேசை போட இடம் வருமா? வரும்.

ராத்தாவை எந்த நாளில் வைப்பது என்று நேரசூசியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பெட்டியும் காலியில்லை. கற்பிட்டிக்குப் போனால் பாலாவியில் பஸ் மாறி, போக வர அரை நாள். நோன்பு திறந்துவிட்டு உடனே எழும்பி ஓடி வரவும் முடியாது. முப்பதாம் நோன்பில் "ராத்தா" என்று எழுதினேன். அன்றைக்குக் கையில் ஒரு வேலையும் இருக்காது. அஸருக்கே போய், ஆறுதலாக இருந்து கதைக்கலாம்.

போன் எடுத்துச் சொன்னேன். சந்தோசப்பட்டாள். கஞ்சி காய்ச்சி வைக்கிறேன் என்றாள். நீ ஒன்றும் செய்யாதே, நான் கொண்டு வருகிறேன் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஓம் சொல்லக் கூடாது என்று படித்தும் இன்றைக்கு மூன்று பேருக்கு ஓம் சொல்லிவிட்டேன். ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வந்தவள், இன்னொருத்தி தாயில்லாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாமவளுக்கு ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 27, வியாழன்

ஊசி விரலில் ஏறிவிட்டது. மஞ்சள் கட்டிக்கொண்டு தைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

இருபத்தொன்பது. பொழுது பட்டு மஃரிபாகியும் கொடுக்காத உருப்படிகள் ஒரு கட்டில் நிறையக் கிடந்தன. நாளைக்குக் காலையில் முடித்துவிட்டு ளுஹரோடு பஸ் ஏறலாம் என்றுதான் கணக்கு. நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையை வைக்கவும் பள்ளிவாசலில் தக்பீர் கேட்டது. பிறை கண்டுவிட்டார்கள். நாளைக்குப் பெருநாள், முப்பதாம் நோன்பே இல்லை.

வாசலில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். றஸீன் என்னைத் தனியே கூப்பிட்டு, லொறியில் இப்போதே கற்பிட்டிக்குக் கொண்டுபோய்க் கொண்டு வருகிறேன், ஊருக்குப் பழைய உடுப்பே இல்லையா என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெருநாளன்று பழைய சட்டை போடுகிற பிள்ளையின் முகத்தை இவர் பார்த்திருக்கிறாரா? நான் சொன்ன வாக்கு என்னாவது?

ராத்தாவுக்கு எடுத்தேன். நாளைக்கு முடிந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் நாளையிண்டைக்கு நிச்சயம் என்றேன். "பரவால்ல, நீ வேலையப் பாரு" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மெஷின் கூப்பிடுகிறது.

மார்ச் 31, திங்கள் — பெருநாள்

ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை. பெருநாள் தொழுகைக்கு முன்பே கடைசிச் சட்டையும் போய்விட்டது. குளித்துவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன். கண் விழிக்கும்போது மஃரிப். றஸீன் எழுப்பப் பாவம் பார்த்தாராம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

போனேன். றிஷ்னாவுக்கு இளநீலத்தில் சட்டை, அந்தப் பரபரப்பிலும் லேஸ் வைத்துத் தைத்தது. ராத்தாவுக்கு ஒரு மெல்லிய கவுன்.

மர்ளியா அங்கே இருந்தாள். மச்சானின் தங்கை, வண்ணாத்திவில்லில் தோட்டம் செய்கிறவள். பெருநாளுக்கு வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு வந்தவள், ராத்தாவின் நிலைமையைப் பார்த்துத் தங்கிவிட்டாளாம். நல்ல மனுசி. அவளில் பிழை சொன்னால் எனக்கு நாக்கு அழுகும்.

ராத்தா என்னைப் பக்கத்தில் இருத்தினாள்.

"நேத்து ராவு மூச்சு ஏலாமப் போச்சு. விடியுமோ தெரியாதெண்டு றிஷ்னாவ மர்ளியாட கையில குடுத்திட்டன். அவ ஓம் எண்டுட்டா."

நான் இளநீலச் சட்டையைத் திரும்ப மடித்தேன். அவளே சொன்னாள்.

"உன்னத்தான் நினைச்சிருந்தன். ஆனா நீ தொழிலோட நிக்கிறவள். இதையும் உண்ட தலையில வைக்கப்படாது."

தலையில வைக்கிறதா? நான் அறையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இரிக்கன் ராத்தா. கட்டில் பாத்து வச்சிரிக்கன். இதைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல்ல? மர்ளியா கதவடியில் தேத்தண்ணியோடு நின்றாள். ராத்தாவின் முகத்தில் ஒரு நிம்மதி, நான் எத்தனையோ மாதமாகக் காணாத நிம்மதி. அல்லாஹ்வை முன்வைத்துக் கொடுத்ததை, வாங்கியவள் நிற்கிறபோதே எனக்குத் தா என்று எப்படிக் கேட்பேன்?

நல்லதுதான் ராத்தா என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

நேரசூசியைக் கிழித்தேன். கிழித்தால் மட்டும்? ஷானிகா மிஸ் சொன்னது சரிதான், வழிகிற வேலைக்குத்தான் அந்த வெறும் நாள். எண்ட ராத்தாவக் கொண்டுபோய் அதுக்குள்ள வச்சவள் நான்தானே.

ஏப்ரல் 12, சனி

ராத்தா வபாத்தானாள். அஸருக்குப் பிறகு அடக்கினார்கள். வீட்டில் ஓதிக்கொண்டிருந்தபோது றிஷ்னா மர்ளியாவின் மடியில் படுத்திருந்தாள்.

மே 18, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 11, புதன்

ஷானிகா மிஸ் எடுத்தார். பெருநாள் ஓடர்களை ஒன்றும் பிந்தாமல் கொடுத்து முடித்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பயிற்சிக்கு வந்து புதிய பெண்களுக்கு அனுபவம் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். நான் சொன்ன முதலாவது முடியாது. மிஸ் சந்தோசப்பட்டிருக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

காலையில் மர்ளியா றிஷ்னாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அளவெடுக்க. பழையது கட்டையாகிவிட்டது. மூன்று மாதத்தில் வளர்ந்துவிட்டாள். கொஞ்சம் கறுத்திருக்கிறாள், தோட்டத்து வெயில். கன்னம் வைத்திருக்கிறது. மர்ளியா நன்றாகத்தான் பார்க்கிறாள்.

முன்பெல்லாம் வந்தவுடன் நேரே உள்ளே ஓடி என் கட்டிலில் விழுவாள். இன்றைக்கு முன்பக்கத்தில், ஓடர் கொடுக்க வருகிறவர்கள் இருக்கிற கதிரையில் இருந்தாள். அளவெடுக்கக் கூப்பிட்டதும் எழுந்து வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் தோள் அகலத்தை இரண்டு தரம் அளந்தேன். தேவையில்லை, ஆனாலும் அளந்தேன்.

இன்றைக்கு நின்றுவிட்டுப் போ, விடியத் தைத்துத் தருகிறேன் என்றேன். மர்ளியாவும் நில்லு மகள், நாளைக்கு நான் வந்து கூட்டிப் போகிறேன் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். நான் உள்ளறைப் பக்கம் பார்த்தேன். ஏப்ரலுக்குப் பிறகு மூட்டைகளைத் திரும்ப அங்கேயே அடுக்கிவிட்டிருந்தேன்.

"இல்ல மாமி," என்றாள் றிஷ்னா மர்ளியாவிடம், "சாச்சிக்கு வேல இரிக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. தாயைப் போலவே, குரலில் ஒரு குறையும் இல்லாமல் சொன்னாள்.

சந்தி வரை கூடப் போய்ப் புத்தளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலால் கை காட்டினாள். வீட்டுக்கு வந்து சட்டையை வெட்டினேன். விளிம்பை நாலு விரல் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், வளர வளர இறக்கிவிடலாம் என்று.